மூன்றாம் வரிசைக்காரருக்கு நான் கொடுத்த விமானம்

ஒருவர் சுட்டு வீழ்த்தியதாகக் கணக்கில் இருந்த போர் விமானத்தை அவரிடமிருந்து பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்தவள் நான். அந்த இரண்டு பேரையும் நான் கண்ணால் கண்டதில்லை. ஒருவர் நான் பிறப்பதற்கு முன்பே இறந்து கண்டி மண்ணில் கிடந்தார். மற்றவர் இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊரில் ரோஜாச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். இந்தக் காரியத்தைச் செய்து முடிக்க எனக்குத் தேவைப்பட்டது ஒரு மழை நாளும், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பதினொரு உல்லாசப் பயணிகளும், என்னுடைய வாயும்தான்.

வழிகாட்டி லைசென்ஸ் எடுத்து இந்த வருடம் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாரே, நம் வழிகாட்டிகள் சங்க மலருக்கு 'விருந்தினரை மகிழ்விப்பது எப்படி' என்று எழுதித் தரும்படி கேட்டார்கள். அதை எழுத ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட அழகாகச் சிரிக்கத் தெரிந்தவர்கள். நான் முப்பத்தொரு வருடம் விருந்தினரை மகிழ்வித்துவிட்டு ஓய்வுபெற்றவள். அதனால் விளைந்த ஒரு சங்கடத்தை எழுதுகிறேன். இதில் நான் செய்தது சரியா பிழையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிடிபட்டவர்கள் எனக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் பெண் வழிகாட்டிகள் கண்டியில் விரல் விட்டு எண்ணும் அளவுதான். பயணிகள் குவியும் தலதா மாளிகை வாசலில் ஆண்கள் முண்டியடித்துக்கொண்டு நிற்பார்கள். இடித்துப் பிடித்து நிற்க எனக்கு விருப்பமில்லை. யாரும் தொடாத ஒரு சுற்றை எடுத்துக்கொண்டேன். அதைப் 'போர்ச் சுற்று' என்போம். இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரர்களின் பெரிய தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்தில் இருந்தது. அங்கே ஒரு மணித்தியாலம், பிறகு போர் மயானத்தில் ஒரு மணித்தியாலம். வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். தகப்பனையோ மாமாவையோ தேடி வருகிறவர்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே நான் விமானச் சண்டைச் சரித்திரத்தை இரவல் புத்தகங்களில் வாசிக்கத் தொடங்கினேன். தொடங்கியவளுக்கு அது பைத்தியமாகவே பிடித்துவிட்டது.

அந்தப் பைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். எதிரி விமானங்கள் ஐந்தைச் சுட்டு வீழ்த்திய விமானிக்கு 'ஏஸ்' என்று பெயர். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் பத்திரிகைகள் தொடங்கி வைத்த வழக்கம் இது. நான்கு வீழ்த்தினால் அவர் ஒரு சாதாரண விமானி. ஐந்து வீழ்த்தினால் பெயர் புத்தகத்தில் ஏறும், பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் பெருமை பேசும். பிரித்தானிய விமானப்படை அந்தப் பட்டத்தை அதிகாரபூர்வமாக ஏற்றதேயில்லை என்றாலும் ஊர் உலகம் விடவில்லை, எண்ணிக்கொண்டேயிருந்தது.

எண்ணுவதில்தான் குழப்பம். இரண்டு பேர் சேர்ந்து ஒன்றை வீழ்த்தினால் யாருக்கு? பல்லேகலையில் கிரிக்கெட் மேட்ச் பார்க்கப் போனால் பந்து போட்டவன் பெயரில் விக்கெட் விழும், பிடித்தவன் பெயரும் பக்கத்தில் வரும், ஒரு வழக்குமில்லை. வானத்தில் அப்படியில்லை. பிரெஞ்சுக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒன்றை வீழ்த்தினால் மூன்று பேருக்கும் முழு விமானம் கொடுத்தார்கள். ஜெர்மன்காரர்கள் ஒருவருக்கு மட்டும் கொடுத்தார்கள். பிரித்தானியர்கள் இரண்டாம் போரில் அரை, கால் என்று தேங்காய்ப் பாதி மாதிரிப் பிரித்தார்கள். அது போதாதென்று, சுட்டவருக்கே வீழ்த்தியது தான்தானா என்று தெரியாது. இரண்டு வினாடி சுடுவார். உடனே திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருகிறவன் இவரைச் சுடுவான். திரும்பிப் பார்க்கும்போது கீழே ஒரு புகை தெரியும். அது இவர் சுட்டதா, பக்கத்தில் இருந்தவர் சுட்டதா, அல்லது எதிரி முழு வேகத்தில் தப்பி ஓடும் புகையா? இறங்கி வந்து 'ஒன்று வீழ்த்தினேன்' என்று எழுதிக் கொடுப்பார். கூடப் பறந்தவர் 'ஆமாம், பார்த்தேன்' என்று சாட்சி சொல்வார். ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கிய காலையிலும் இதுதான் நடந்தது. நாங்கள் வீழ்த்தினோம் என்று இந்தப் பக்கம் சொன்ன தொகையும், நாங்கள் இழந்தோம் என்று அந்தப் பக்கம் ஒத்துக்கொண்ட தொகையும் ஒட்டவேயில்லை. வேண்டுமென்று பொய் சொன்னவர்கள் கொஞ்சப் பேர்தான். மிச்சப் பேர் மனதார நம்பினார்கள்.

இவ்வளவும் வாசித்துத் தெரிந்து வைத்திருந்தவள்தான் நான். தெரிந்து வைத்திருந்து என்ன பிரயோசனம் என்று கேளுங்கள்.

எனக்குத் தொழில் பழக்கியவர் ஒரு மூத்த வழிகாட்டி. எல்லோரும் அவரைச் 'சார்' என்போம். அவருக்கு ஒரு சட்டம் இருந்தது.

"கேட்டுக்கம்மா. ஒரு கல்லுக்கு ஒரு கத. கத இல்லாத கல்லு வெறுங் கல்லு. அதப் பாக்கவா வெள்ளக்காரன் பத்து மணித்தியாலம் பிளேன்ல குந்திக்கிட்டு வாறான்?"

கண்டியில் எங்கள் காலத்து வழிகாட்டிகள் எல்லோரும் இந்தச் சட்டத்தில் வளர்ந்தவர்கள்தான். ஒருவர் கதையை இன்னொருவர் எடுத்துக்கொள்வோம், கொஞ்சம் உப்புப் புளி சேர்ப்போம், திருப்பிக் கொடுப்போம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. யாரும் விசாரிப்பதுமில்லை.

மயானத்தில் மூன்றாம் வரிசையில் ஒரு விமானி. அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். எங்களுக்குள் 'மூன்றாம் வரிசைக்காரர்' என்போம். இருபத்திரண்டு வயது. கொழும்புச் சண்டையில் பறந்து தப்பியவர், சில மாதம் கழித்துக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இறந்தவர். இதற்கு ஆதாரம் இருந்தது. அவருடைய சொந்தக்காரர்கள் ஒரு முறை வந்து, அவர் வீட்டுக்கு எழுதிய கடிதத்தின் பிரதியைக் காட்டினார்கள். அந்தக் கடிதத்தில் கூடப் பறந்த நண்பரின் பெயரும் இருந்தது. நண்பர் சாதாரண ஆளில்லை. ஐந்து வீழ்த்தியவர்களின் பட்டியலில் இருந்தவர். சரியாக ஐந்து, ஒன்று கூடவுமில்லை குறையவுமில்லை.

முதல் வருடம் நான் கல்லில் இருந்ததையும் கடிதத்தில் இருந்ததையும் மட்டும் சொன்னேன். பயணிகள் தலையாட்டிவிட்டு அடுத்த கல்லுக்குப் போனார்கள். பிறகு எப்போதோ, அந்த மழை நாளில் என்றுதான் நினைக்கிறேன், கதை இப்படி நீண்டது: அந்த ஐந்தாவது விமானத்தை உண்மையில் வீழ்த்தியவர் இந்தப் பையன்தான். இவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். நண்பர் அதைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். இவர் அறிந்தும் பேசாமல் இருந்துவிட்டார். சினேகிதம் பெரிது என்று நினைத்தார் போலும். இப்படிச் சொல்லி நிறுத்தினேன். கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பதினொரு பேரில் மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கல்லைக் கடந்து யாரும் சும்மா போகவில்லை.

இதை நான் கட்டினேனா? எங்காவது வாசித்தேனா? சார் சொல்லிக் கேட்டேனா? ஒரு கதையை நூறு தடவை சொல்லிப் பாருங்கள். பிறகு அந்தப் பையன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது உங்கள் கண்ணுக்கே தெரியத் தொடங்கும். எனக்குத் தெரிந்தது. கட்டிலின் இரும்புக் கால்கூடத் தெரிந்தது.

கொரோனாவுக்குச் சில வருடம் முன்பு ஒரு நாள், இங்கிலாந்திலிருந்து ஹெலன் என்றொரு பெண்மணி தனியாக வந்தார். எழுபதைத் தொட்டவர். கொழும்பு ரயிலில் வந்து இறங்கினார். கடுகண்ணாவை மலையைப் பார்த்தீர்களா, அழகாக இருந்திருக்குமே என்று வழக்கமான பேச்சை எடுத்தேன். பார்க்கவில்லை என்றார். மயானத்துக்கு மட்டும்தான் போக வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றார். எங்கள் வேன் சாரதி பாரூக்கை அண்ணன் முறை வைத்து 'நானா' என்பேன். அக்குறணைக்காரர், என்னோடு இருபது வருடம் ஓடியவர். கண்ணாடியில் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இது வேறு மாதிரி ஆள் என்பது அதன் அர்த்தம்.

வேன் வாவிக்கரை நெரிசலில் நின்றபோது அவர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஆங்கிலத்தில்தான் பேசினோம், நான் தமிழில் எழுதுகிறேன்.

"இது இணையத்தில் ஒருவர் எழுதிய பயணக் குறிப்பு. கண்டியில் ஒரு வழிகாட்டி சொன்னதாக எழுதியிருக்கிறார். படித்துப் பாருங்கள்."

படித்தேன். மூன்றாம் வரிசைக்காரர், காய்ச்சல், ஐந்தாவது விமானம், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது, எல்லாம் இருந்தன. என்னுடைய வசனங்கள். நான் நிறுத்தும் இடத்தில் அந்தக் குறிப்பும் நின்றது. நண்பரின் பெயர் முழுதாக இருந்தது.

"அந்த நண்பர் என் அப்பா" என்றார் ஹெலன். "இந்த வழிகாட்டியை உங்களுக்குத் தெரியுமா?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் என்ன செய்வான்? நானும் அதைத்தான் செய்தேன்.

"கண்டியில் வழிகாட்டிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மேடம்" என்றேன். பாருங்கள், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அவர் தாளை மடித்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். தகப்பன் தொண்ணூற்று மூன்று வயது வரை இருந்தார். போரைப் பற்றி வீட்டில் பேசமாட்டார். ஊரார்தான் அவரைக் கொண்டாடினார்கள். கடைசி வருடத்தில் மகள் இந்தக் குறிப்பைக் கண்டார். நேர்மையான குடும்பம், அதனால் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக் கேட்டேவிட்டார்: அந்த ஐந்தாவது விமானம் உங்களுடையதா, அந்தப் பையனுடையதா?

"அவர் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை" என்றார் ஹெலன். "நான் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு வாரம் போகவில்லை. அதற்குள் இறந்துவிட்டார். இறந்தவரிடம் என்ன கேட்பது? அதனால் இந்தப் பையனிடம் வந்திருக்கிறேன். என் அப்பா உன்னுடையதை எடுத்துக்கொண்டார், மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டும். அப்பாவுக்காக நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான்."

வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று நான் பேசியது ஒரு கிழவரின் மரணப் படுக்கை வரை போயிருக்கிறது.

கல்லறையில் வைக்கப் பூ வேண்டும் என்றார். மார்க்கட் பக்கம் வேனை நிறுத்தி, நானே இறங்கினேன். பூ வாங்குகிற சாட்டில் ஒரு கடை ஓரமாக நின்று சாருக்குப் போன் எடுத்தேன். அவர் அப்போது ஓய்வுபெற்றுப் புசல்லாவையில் மகன் வீட்டில் இருந்தார்.

"சார், மூனாம் வரிச பைலட் கத இருக்குல்ல, அந்த அஞ்சாவது பிளேன். அத நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?"

"நானா? நீதானேம்மா எனக்குச் சொன்ன! அதக் கேட்டுட்டுத்தானே நான் என்னோட குரூப்புக்கெல்லாம் சொன்னேன்."

"இல்ல சார், நல்லா யோசிச்சிப் பாருங்க. ஏதோ பொஸ்தகத்துல இருக்குன்னு சொன்னீங்க."

"பொஸ்தகம்னு சொன்னது நீ. நான் எங்க பொஸ்தகம் படிச்சேன்? இங்கிலீசு படிச்ச புள்ள சொல்லுதேன்னு நம்பினேன்."

"அந்த அஞ்சாவது பிளேன்காரரோட மக வந்திருக்காங்க சார். வேன்ல உக்காந்திருக்காங்க."

பின்னால் பஸ் ஹோர்ன் கேட்டது.

"அப்பிடின்னா நான் சொன்னதா மட்டும் சொல்லிறாதம்மா" என்று போனை வைத்துவிட்டார்.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் அவரைச் சாட்சியாக வைத்திருந்தேன். அவர் என்னைச் சாட்சியாக வைத்திருந்தார். நானும் அவரும் ஒருவரை ஒருவர் நம்பியே ஒரு விமானத்தைக் கீழே விழுத்தியிருக்கிறோம். சண்டை முடிந்து இறங்கிய விமானிகளை நான் புத்தகத்தில் வாசித்து எவ்வளவு நக்கல் செய்திருப்பேன்!

பூவோடு நான் நின்ற கோலத்தைப் பார்த்து பாரூக் நானா இறங்கி வந்தார்.

"என்னா தங்கச்சி, மொகம் இப்பிடி ஈக்கிது?"

சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"அல்லாவே. அந்த மனிசி வாப்பாட மானத்துக்கு இவ்வளவு தூரம் வந்தீக்கிறா. செல்லிருங்க தங்கச்சி. அது ஏன்ட வாயால வந்த பேச்சுன்டு செல்லிருங்க."

"சொன்னா என்னா ஆகும் நானா? சும்மா ஒரு கதைய நம்பிச் சாகக் கெடந்த மனுசனச் சந்தேகப்பட்டோம்னு ஆயிரும். இப்ப அவங்க மனசுல அப்பா ஒரு தப்புப் பண்ணினவரு. சொன்னா தப்புப் பண்ணினது அவங்க. எது தேவல?"

நானா யோசித்தார்.

"அதுவும் செரிதான்" என்றார். பிறகு, "செல்லாட்டியும் செரியில்ல" என்றார். கடைசியில், "எனக்கு வேன் ஓட்ட மட்டுந்தான் தெரியும் தங்கச்சி, ஏறுங்க" என்றார்.

தொழிலில் நெருக்கடி வந்தால் எப்படித் தீர்மானிப்பது என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். யானை குறுக்கே வந்தால், விருந்தினருக்கு நெஞ்சு வலித்தால், பாதை சரிந்தால் என்ன செய்வது என்றெல்லாம். இதற்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. மார்க்கட்டிலிருந்து மயானம் வரைக்கும் மதில் மேல் பூனையாக இருந்தேன். ஒரு திருப்பத்தில் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறப்பேன், அடுத்த திருப்பத்தில் மூடுவேன். சண்டை விமானிக்கு இரண்டு வினாடிதான் கிடைக்கும் என்று பரிதாபப்பட்டிருக்கிறேன். எனக்கு இருபது நிமிடம் கிடைத்தது. அதில் நான் உருப்படியாகச் செய்தது அந்தோரியப் பூக்களின் தண்டைக் கசக்கியது மட்டும்தான்.

மயானத்தில் தூறிக்கொண்டிருந்தது. புல் வெட்டி, கல் துடைத்து, எப்போதும்போல் சுத்தமாக இருந்தது. மூன்றாம் வரிசைக்கு அவரை அழைத்துப் போனேன். இந்த இடத்தில்தான் நான் செய்த பெரிய பிழை வருகிறது, குறித்துக்கொள்ளுங்கள். கதை கட்டியது ஒரு பிழை. அதைவிடப் பெரியது, அவர் வாயைத் திறக்கும் முன் நான் திறக்காதது. சொல்ல வேண்டியதைச் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கெட்ட செய்திக்கு நல்ல நேரம் கிடையாது. ஒவ்வொரு நிமிடமும் போன நிமிடத்தைவிடக் கெட்டதாகத்தான் இருக்கும்.

ஹெலன் ஒரு கையால் கல்லைப் பிடித்து, கஷ்டப்பட்டு முழங்காலில் இருந்தார். ஈரம் உடுப்பில் ஊறியது. பூவை வைத்தார். பிறகு பக்கத்தில் இருக்கும் ஆளிடம் பேசுவதுபோல அந்தக் கல்லிடம் சொன்னார்.

"நான் டேவிட்டின் மகள். அப்பா உன்னைப் பற்றிச் சொன்னதேயில்லை. வெட்கப்பட்டிருப்பார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் உன்னுடையதை எடுத்துக்கொண்டார். அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"மேடம், அந்த வழிகாட்டி நான்தான்."

அவருக்கு விளங்கவில்லை. "எந்த வழிகாட்டி?"

"உங்கள் தாளில் இருப்பவர். அந்தக் கதையைச் சொன்னது நான்."

அவர் எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. நான் கை கொடுத்தேன். பிடிக்காமல் கல்லைப் பிடித்துக்கொண்டே எழுந்தார்.

"உங்களுக்கு யார் சொன்னது?"

"அதுதான் எனக்கு ஞாபகமில்லை. வாசித்திருக்கலாம். ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கலாம். அவரிடம் இப்போதுதான் கேட்டேன், நான்தான் அவருக்குச் சொன்னேன் என்கிறார். நானே கட்டியிருக்கலாம். என்னிடம் ஓர் ஆதாரமுமில்லை."

"அப்படியானால் பொய்."

இந்த இடத்தைத்தான் உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று இவ்வளவும் எழுதினேன். 'ஆமாம், பொய்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். தகப்பன் அவருக்குத் திரும்பக் கிடைத்திருப்பார், ஐந்தாவது விமானத்தோடு. அவர் முகம் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. என் வாயும் அதற்குத் தயாராகவே இருந்தது, முப்பது வருடப் பழக்கம் அல்லவா? விருந்தினருக்கு எது வேண்டுமோ அதைக் கொடுக்கிற பழக்கம். ஆனால் அது பொய் என்றும் எனக்குத் தெரியாதே. தெரியாததைத் தெரியும் என்று சொன்னால், அதே கல்லுக்கு முன்னால் நின்று இரண்டாவது கதையைக் கட்டுகிறேன் என்றுதானே அர்த்தம்?

"எனக்குத் தெரியாது, மேடம்" என்றேன்.

"யார் சுட்டது என்று தெரியாதா, நீங்கள் கட்டினீர்களா என்று தெரியாதா?"

"இரண்டும் தெரியாது."

அவர் முகம் சிவந்தது. அடித்துவிடுவார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான் உங்களை நம்பி என் அப்பாவை விசாரித்தேன் என்றார். சாகக் கிடந்த மனிதரை என்றார். இரண்டு வாரம் என்றார். நீங்கள் என்ன மாதிரியான ஆள் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். படியில் குடையோடு இறங்கிவந்த பாரூக் நானா, சத்தம் கேட்டுப் பாதியிலேயே நின்றுவிட்டார்.

பிறகு அவர் அடங்கினார். ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். மழை கொஞ்சம் பலத்தது.

"அப்பா பதில் சொல்லவில்லை என்று வேனில் சொன்னேன் அல்லவா?" என்றார்.

"சொன்னீர்கள்."

"அவர் பதில் சொன்னார். 'எனக்குத் தெரியாது, ஹெலன்' என்றார். நான் அதைப் பதிலாக எடுக்கவில்லை. சுட்டவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்று கத்தினேன். இரண்டு பேரும் சுட்டோம், கீழே விழுந்தது, எனக்குத் தெரியாது என்றார். நீங்கள் மழுப்புகிறீர்கள் என்றேன். மூன்றாவது தடவையும் அதையேதான் சொன்னார். எழுந்து போய்விட்டேன்."

மழையில் சாய்ந்திருந்த பூ ஒன்றை எட்டி நிமிர்த்தி வைத்தேன்.

அவர் தலையைத் திருப்பி என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். கோபம் போய்விட்டதா, இருக்கிறதா என்று சொல்ல முடியாத பார்வை.

"இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றார்.

"எதை மேடம்?"

"தெரியாது என்று. இந்தத் தடவை நான் எழுந்து போகமாட்டேன்."

"எனக்குத் தெரியாது, ஹெலன்" என்றேன். அதுவரை மேடம் என்று மட்டுமே அழைத்திருந்த எனக்கு அந்தப் பெயர் எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

அவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சரி, அப்பா" என்றார்.